பல் அடைக்கும்போது டாக்டரை அவசரப்படுத்தாதீர்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் என்னைப் பொறுத்துக்கொண்ட மாதிரி இங்கேயும் பொறுத்துக்கொள்ளுங்கள். சொத்தைப் பல் அடைப்பதைப் பற்றி எழுதப்போகிறேன். கூடவே ஒருவரிடம் உங்கள் எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கிறது.

உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். கல்யாண வீடானாலும் காதுகுத்தானாலும், கொஞ்ச காலமாக என் பல் கதையைச் சொல்லாமல் நான் பந்தியை விட்டு எழுந்ததில்லை. "சுளையாப் பணத்தை வாங்கிக்கிட்டு அடைச்சாரு. ரெண்டு வருஷம்கூட நிக்கல. இந்தக் காலத்து டாக்டருங்க எல்லாம் இப்படித்தான்" என்று சொல்லியிருக்கிறேன். டாக்டர் பெயரைச் சொன்னதில்லை. தெருப் பெயரைச் சொல்லியிருக்கிறேன். நம் ஊரில் அது போதும். என் பேச்சைக் கேட்டு இரண்டு உறவுக் குடும்பங்கள் அந்த டாக்டரிடம் போவதையே நிறுத்திவிட்டன என்று பிறகுதான் தெரிந்தது.

நடந்ததை இப்போது முழுதாகச் சொல்கிறேன். முன்பு சொன்னபோதெல்லாம் ஒரு பகுதியை விட்டுவிட்டேன். மறைக்க வேண்டும் என்று விடவில்லை. அது முக்கியம் என்றே எனக்குத் தெரியவில்லை.

இடது பக்கம் கீழ்க் கடைவாய்ப் பல்லில் சொத்தை. கடலூரில் ஒரு கிளினிக். இளம் டாக்டர், என் கடைசிப் பையன் வயதுதான் இருக்கும். அன்று மாலை சிதம்பரத்தில் சம்பந்தி வீட்டு வரவேற்பு. உட்காரும்போதே, "தம்பி, அரை மணி நேரத்துல முடிச்சிடுவீங்களா? பஸ்ஸைப் பிடிக்கணும்" என்றேன். "பாக்கலாம் சார்" என்றார்.

சொத்தையைக் குடைந்து எடுத்தார். பல் நிறத்திலேயே இருக்கும் கம்போசிட் கலவையைப் போடப்போவதாகச் சொன்னார். பள்ளத்தில் நீல நிறத்தில் ஒரு ஜெல்லை வைத்தார். கொஞ்ச நேரம் கழித்துத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினார். பக்கத்தில் பஞ்சு வைத்தார். அந்த நேரம் பார்த்து என் சட்டைப் பையில் போன் அடித்தது.

நான் கையைக் காட்டி டாக்டரை நிறுத்தினேன். பஞ்சை எடுத்தேன். வாயை மூடினேன். எழுந்து உட்கார்ந்து போனை எடுத்தேன். என் மனைவிதான். "ஏங்க, எல்லாரும் பஸ் ஸ்டாண்டுல வந்து நிக்கிறோம், இன்னுமா முடியல?" ஒரு நிமிடம் பேசியிருப்பேன்.

மறுபடி வாயைத் திறந்தபோது டாக்டர் கையில் குட்டி பிரஷ்ஷோடு தயங்கி நின்றார். "சார், இன்னொரு தடவை அந்த ஜெல்லை..." என்று ஆரம்பித்தார். "பரவாயில்ல தம்பி, நீங்க போடுங்க. நேரமாச்சு" என்றேன். 35 வருடம் வகுப்பறையில் பேசிய குரல் அது. மறுத்துப் பேச யாரும் துணியாத குரல். அவரும் மறுக்கவில்லை. பஸ்ஸைப் பிடித்தேன். வரவேற்பில் வயிறாரச் சாப்பிட்டேன்.

ஒரு வருடம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு பானைத் தண்ணீர் குடித்தால் அந்தப் பக்கம் சுரீர் என்றது. கண்ணாடியில் பார்த்தால் அடைப்பைச் சுற்றி மெல்லிய பழுப்புக் கோடு. வயதாகிவிட்டது, பல் கூச்சம்தான் என்று விட்டுவிட்டேன். ஒரு நாள் ராத்திரி வலியில் பொட்டுத் தூக்கம் இல்லை.

பழைய கிளினிக் மேல் கோபம். அதனால் சிதம்பரம் பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனேன். 1980-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் ராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரியாகத் தொடங்கி, இப்போது அரசின் சுகாதாரத் துறையிடம் வந்துவிட்ட அதே கல்லூரிதான். நம் மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அங்கே முதுநிலை படிக்கிற ஒரு டாக்டர் முகக்கவசத்தை இறக்கிவிட்டு, "சார், என்னைத் தெரியுதா? அஞ்சாம் வகுப்பு, ரெண்டாவது பெஞ்சு" என்றாள். பெயரை எழுத அவளிடம் அனுமதி வாங்கவில்லை, அதனால் எழுதவில்லை. அவளுடைய செட் பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவீர்கள். கண்டுபிடித்தாலும் கீழே பெயர் போட வேண்டாம்.

அடைப்பை எடுத்துப் பார்த்தாள். அடியில் பல் கறுத்து, மெத்தென்று ஆகியிருந்தது. சொத்தை நரம்பு வரை இறங்கிவிட்டது. வெறும் அடைப்போடு முடிந்திருக்க வேண்டிய பல்லுக்கு வேர் சிகிச்சை, அதற்கு மேல் ஒரு கேப். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் பல தடவை அலைந்தேன்.

நான் வழக்கம்போல் என் புகாரை ஆரம்பித்தேன். அவள் கடைசி வரை கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "நீல ஜெல் வெச்சுக் கழுவினதுக்கு அப்புறம் எச்சில் பட்டுச்சா சார்?"

போன் வந்ததைச் சொன்னேன்.

அவள் கொஞ்சம் சிரித்தாள். "பஞ்சர் டியூப்பை வகுப்புக்குக் கொண்டாந்து காட்டினது நீங்கதானே சார்?" என்றாள். அதற்கு மேல் அவள் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மறந்தவர்களுக்காக அந்தப் பாடத்தை இன்னொரு முறை நடத்துகிறேன். ஆலப்பாக்கம் பக்கத்துப் பள்ளிக்கு நான் சைக்கிளில் வந்துபோன காலம். சீமைக் கருவேல முள் அடிக்கடி டியூப்பைப் பதம் பார்த்துவிடும். காற்றைப் பற்றிப் பாடம் வரும்போது பஞ்சரான டியூப்பையும் ஒரு வாளித் தண்ணீரையும் வகுப்பில் வைப்பேன். குமிழி வருகிற இடத்தில் ஓட்டை. அந்த இடத்தைத் துடைக்க வேண்டும், உப்புத்தாளால் உரச வேண்டும், சொல்யூஷன் தடவ வேண்டும், அது உலரும் வரை காத்திருக்க வேண்டும், பிறகுதான் பேட்சை வைத்து அழுத்த வேண்டும். உரசிய இடத்தில் எவனாவது விரலை வைத்தால், "போச்சு, மறுபடி உரசு" என்பேன். விரலில் இருக்கும் எண்ணெய்ப் பிசுக்கே போதும், பேட்சின் ஓரத்தில் காற்று கசிய. பேட்ச் எவ்வளவு நல்ல கம்பெனியாக இருந்தாலும் அதே கதிதான்.

பல் நிறத்தில் அடைக்கும்போதும் ஏறத்தாழ இதே வரிசைதான் நடக்கிறது.

அந்த நீல ஜெல் பாஸ்பாரிக் அமிலம். பெரும்பாலும் 37 சதவீதம் அளவில் இருக்கும். உப்புத்தாள் செய்கிற வேலையை இது செய்கிறது. பல்லின் மேல் ஓடான எனாமல், எடையில் 96 சதவீதம் தாதுப்பொருள். அதில் 15 முதல் 30 விநாடி வரை அமிலம் இருந்தால் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய குழிகள் விழுகின்றன. கழுவி உலர்த்தினால் அந்த இடம் சுண்ணாம்பு பூசியது போல் வெளுத்துத் தெரியும். அடுத்து பாண்டிங் திரவம். இதுதான் சொல்யூஷன். குழிகளுக்குள் இறங்கி, நீல ஒளி பட்டதும் இறுகி, சின்னச் சின்ன வேர்களாகப் பல்லைப் பிடித்துக்கொள்கிறது. அதன் மேல்தான் கம்போசிட் கலவை ஒட்டுகிறது.

அமிலம் வைத்துக் கழுவிய இடத்தில் எச்சில் பட்டால் என்ன ஆகும்? எச்சிலில் உள்ள புரதங்கள் சில விநாடிகளிலேயே படலமாகப் படிந்து அந்தக் குழிகளை மூடிவிடும். வெறும் தண்ணீரில் கழுவினால் அது முழுதாகப் போகாது. மறுபடி கொஞ்ச நேரம் அமிலம் வைத்து, கழுவி, உலர்த்தித்தான் பாண்டிங் திரவத்தைத் தடவ வேண்டும். அந்தத் தம்பி அன்று சொல்ல வந்தது இதைத்தான்.

"அதுக்கு எவ்வளவு நேரம்மா ஆயிருக்கும்?" என்று கேட்டேன்.

"ஒரு நிமிஷம் சார்."

நான் ஒன்றும் பேசவில்லை. அவளே சொன்னாள்: "அது ஒண்ணுதான் காரணம்னு என்னால சொல்ல முடியாது சார். கடிக்கிற அழுத்தம் இருக்கு, நீங்க பல் விளக்குற விதம் இருக்கு, பழுப்புக் கோடு தெரிஞ்சும் வராம இருந்தது இருக்கு. ஆனா டாக்டர் மேல மட்டும் பழி போடறது நியாயம் இல்ல."

அந்தப் பெண்ணிடம் நாலைந்து தடவை சிகிச்சைக்குப் போனபோது கேட்டுத் தெரிந்துகொண்டதையும், பிறகு படித்ததையும் சுருக்கமாகச் சொல்கிறேன். ஏனென்றால் பல் அடைப்பதைப் பற்றி நாம் பேசுவதெல்லாம் இரண்டே விஷயம்: எவ்வளவு ரூபாய், எந்த கம்பெனி கலவை. அடைப்பு நிற்குமா நிற்காதா என்பதைப் பெரிய அளவில் தீர்மானிக்கும் அந்தச் சில நிமிடங்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

எனாமல் சொன்னபடி கேட்கும் மாணவன். அதற்கு அடியில் இருக்கும் டென்டின்தான் கஷ்டமான மாணவன். அதில் தாதுப்பொருள் எடையில் சுமார் 70 சதவீதம்தான். மீதி கொலாஜன் என்ற புரத இழையும் தண்ணீரும். ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரிலும் பல்லாயிரக்கணக்கான நுண்குழாய்கள், அவற்றுக்குள் திரவம். அதாவது நாம் ஒட்டப்போகிற சுவரே ஈரமான சுவர். டென்டினில் அமிலம் 15 விநாடிக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறார்கள். கழுவியபின் அதை ஒரேயடியாக உலர்த்தவும் கூடாது. தேவனாம்பட்டினத்தில் மீன்வலையைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீருக்குள் இருக்கும்போது கண்கள் திறந்து விரிந்திருக்கும். கரையில் இழுத்துப் போட்டால் சுருண்டு படிந்துவிடும். கொலாஜன் இழைகளும் அப்படித்தான். காற்றடித்து வறட்டிவிட்டால் வலை படிந்துவிடும், பாண்டிங் திரவம் உள்ளே இறங்காது. தண்ணீர் தேங்கி நின்றாலும் திரவம் நீர்த்துப்போகும். இரண்டுக்கும் நடுவே, மினுமினுப்பான ஈரத்தில் நிறுத்த வேண்டும். இது கைப்பழக்கத்திலும் கவனத்திலும் வருவது. பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற ஆள் நாற்காலியில் இருந்தால் வராது.

"இப்பல்லாம் அமிலமும் பாண்டும் ஒரே பாட்டில்ல வருதே" என்று பல் மருத்துவம் படித்த என் அண்ணன் மகன் சொல்வான். உண்மைதான். கழுவ வேண்டிய வேலை இல்லை, டென்டின் வறண்டுபோகும் பயமும் குறைவு. ஆனால் அந்த மிதமான அமிலம் எனாமலில் போதிய குழி பறிப்பதில்லை என்பதால், எனாமல் விளிம்புக்கு மட்டும் தனியாகப் பாஸ்பாரிக் அமிலம் வைக்கும் முறையைப் பலர் பின்பற்றுகிறார்கள். அந்த ஒற்றைப் பாட்டில் திரவத்தையும் ஏதோ தொட்டு வைத்தால் போதாது. சுமார் 20 விநாடி தேய்த்துப் பூச வேண்டும். மெல்லக் காற்றடித்து அதிலுள்ள கரைப்பானைப் போக்க வேண்டும். சொல்யூஷன் உலரும் முன்னே பேட்சை வைத்தவன் திரும்பவும் பஞ்சர் கடைக்குத்தான் வருவான்.

இன்னொரு சிக்கல், கம்போசிட் கலவை இறுகும்போது சுருங்கும். கன அளவில் பெரும்பாலும் 2 முதல் 3 சதவீதம். கேட்க அற்பமாக இருக்கிறது. ஆனால் சுருங்கும் கலவை பல் சுவரை உள்ளே இழுக்கிறது. பிடிப்பு சரியில்லாத பக்கத்தில் விடுபட்டு நூலிழையைவிட மெல்லிய இடுக்கு விழும். அதனால்தான் பொதுவாக இந்தக் கலவையை 2 மில்லிமீட்டர் கனத்துக்கு மிகாமல் அடுக்கடுக்காக வைத்து, ஒவ்வொரு அடுக்குக்கும் ஒளி காட்டுகிறார்கள். "சும்மா லைட் அடிச்சுக் காட்டி நேரத்தை ஓட்டுறாங்க" என்று நான் நினைத்ததும் உண்டு.

கிருமி ஒன்றின் அளவு சுமார் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமுடியின் கனம் ஏறத்தாழ அதைப் போல் 70 மடங்கு. முடியில் பத்தில் ஒரு பங்கு இடுக்கு இருந்தால்கூடக் கிருமிக்கு அது நாலு வழிச் சாலை. சூடான காபிக்கும் பானைத் தண்ணீருக்கும் பல் ஒரு அளவில் விரிந்து சுருங்கும், அடைப்பு இன்னொரு அளவில் விரிந்து சுருங்கும். பிடிப்பு பலவீனமான இடத்தில் இடுக்கு வளரும். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் வந்தபோது நம் வீடுகளில் எங்கே ஒழுகியது என்று நினைத்துப் பாருங்கள். தளத்தின் நடுவில் ஒழுகிய வீடு குறைவு. தளமும் கைப்பிடிச் சுவரும் சேரும் மூலையில்தான் தண்ணீர் இறங்கியது. பல்லிலும் இணைப்பில்தான் கசியும்.

இந்தக் கசிவை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று கேட்டேன். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. வேறு காரணத்துக்காகப் பிடுங்கிய பற்களை எடுத்து, ஒரே மாதிரிப் பள்ளம் வெட்டி, வெவ்வேறு பாண்டிங் முறையில் அடைப்பார்கள். பிறகு 5 டிகிரி தண்ணீரிலும் 55 டிகிரி தண்ணீரிலும் மாறி மாறி நூற்றுக்கணக்கான தடவை முக்குவார்கள். நம் காபியும் பானைத் தண்ணீரும்தான் அது. அடைப்பையும் அதைச் சுற்றி ஒரு மில்லிமீட்டரையும் விட்டுவிட்டு, மீதிப் பல் முழுவதும் நகப்பூச்சு பூசுவார்கள். ஆமாம், பெண்பிள்ளைகள் விரலில் பூசுகிற அதே நகப்பூச்சு. பிறகு நீலச் சாயத்தில் ஊற வைத்து, பல்லை நெடுக்காக அறுத்து, உருப்பெருக்கியில் பார்ப்பார்கள். சாயம் விளிம்பிலேயே நின்றிருந்தால் நல்லது, பள்ளத்தின் அடிவரை ஓடியிருந்தால் மோசம். அதற்கு 0, 1, 2, 3 என்று மதிப்பெண். வாளித் தண்ணீரில் குமிழி பார்த்த அதே பாடம்தான். பல் மருத்துவக் கல்லூரிகளில் முதுநிலை மாணவர்கள் காலம் காலமாகச் செய்துவரும் சோதனை இது.

இப்படிச் செய்த சோதனைகளில் திரும்பத் திரும்ப வரும் முடிவு, எனாமல் விளிம்பில் கசிவு குறைவு, ஈறுக்குக் கீழே எனாமல் இல்லாத வேர்ப்பக்க விளிம்பில் கசிவு அதிகம் என்பது. கொஞ்சமும் கசியாத முறை என்று இதுவரை எதுவும் இல்லை. ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அரைகுறைப் பாடம் ஆகிவிடும். சாயத்தின் துகள் கிருமியைவிட மிகச் சிறியது. சாயம் போன இடமெல்லாம் சொத்தை வந்தே தீரும் என்று அர்த்தமில்லை. சோதனைச் சாலையில் கசிந்த அடைப்பு வாயில் பல வருடம் நன்றாக இருப்பதும் உண்டு. எனவே சாயச் சோதனை எச்சரிக்கை மட்டும்தான், தீர்ப்பு அல்ல.

பல்லில் ஒட்ட வைக்கும் இந்த யோசனை எங்கிருந்து வந்தது தெரியுமா? பெயிண்ட் அடிப்பவர்களிடமிருந்து. உலோகத் தகட்டில் பெயிண்ட் நன்றாகப் பிடிக்கப் பாஸ்பாரிக் அமிலத்தால் கழுவும் வழக்கம் தொழிற்சாலைகளில் இருந்தது. அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் மைக்கேல் பூனகோர் என்ற பல் ஆராய்ச்சியாளர், பல்லிலும் அப்படிச் செய்து பார்த்தால் என்ன என்று நினைத்தார். எனாமலில் அமிலம் தடவி ஒட்டிக் காட்டி 1955-இல் எழுதினார். டென்டினில் ஒட்டுவது அதற்குப் பிறகும் பல வருடம் பிடி கொடுக்கவில்லை. 1982-இல் ஜப்பானில் நகபயாஷி, கொலாஜன் வலைக்குள் பாண்டிங் திரவம் ஊடுருவி உண்டாகும் கலப்பு அடுக்கை விளக்கிய பிறகுதான் வழி தெளிவானது. ஆக, இப்போதைய முறையில் ஒவ்வொரு விநாடிக்கும் ஒரு காரணம் இருக்கிறது. நான் அந்தக் காரணங்களின் நடுவே போனை எடுத்துப் பேசியவன்.

இனி என் கருத்தைச் சொல்கிறேன்.

நாம் பல் டாக்டரிடம் பொருளுக்குப் பணம் கொடுப்பதாக நினைத்துக்கொள்கிறோம். கலவை வெளியே தெரிகிறது, அதனால் அதை விசாரிக்கிறோம். உண்மையில் பணம் கொடுக்க வேண்டியது நேரத்துக்கு. ஈரம் படாமல் காக்கிற நேரம், அமிலத்துக்கான நேரம், கழுவுகிற நேரம், திரவம் உலர்கிற நேரம், அடுக்கு அடுக்காக ஒளி காட்டுகிற நேரம். இவை எதுவும் கண்ணாடியில் தெரியாது. சரியாகச் செய்த அடைப்பும் சரியாகச் செய்யாத அடைப்பும் வெளியே வரும்போது ஒரே மாதிரிதான் பளபளக்கும். வித்தியாசம் ஒரு வருடம், இரண்டு வருடம் கழித்துத்தான் தெரியும். "பத்து நிமிஷத்துல முடிச்சு அனுப்பிட்டாரு, கைராசிக்காரர்" என்று நாம் ஒருவரைப் புகழ்ந்தால், நிதானமாகச் செய்கிற இன்னொருவரையும் அவசரப்படுத்துகிறோம்.

இதற்கு என் மனைவியே எதிர்க்கட்சி. "எங்க அம்மாவுக்கு அடைச்ச வெள்ளி அடைப்பு முப்பது வருஷம் நின்னுச்சு. அதுக்கு இந்தப் பூச்சு, காத்து, லைட்டு ஒண்ணும் கிடையாது" என்கிறாள். அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அமால்கம் என்ற அந்த வெள்ளி அடைப்பு பல்லோடு ஒட்டுவதில்லை. ஆனால் நாளாக ஆக அது அரித்து உண்டாகும் பொருளே இடுக்கை அடைத்துக்கொள்ளும். கொஞ்சம் ஈரம் பட்டாலும் தாங்கும். மன்னிக்கத் தெரிந்த அடைப்பு அது. ஆனால் அதை நிறுத்திவைக்க நல்ல பல்லையும் சேர்த்து வெட்ட வேண்டும். அதில் பாதரசம் இருக்கிறது. 2013-இல் உருவான மினமாட்டா உடன்படிக்கைக்குப் பிறகு உலக நாடுகள் அதைப் படிப்படியாகக் குறைத்து வருகின்றன, இந்தியாவும் அதில் சேர்ந்திருக்கிறது. மன்னிக்கிற பொருள் போய், மன்னிக்காத பொருள் வந்திருக்கிறது. அதற்கேற்ப நாம்தான் மாற வேண்டும்.

இன்னொரு கேள்வியும் வரும். அரசு மருத்துவமனையில் வெளியே வரிசை நிற்கிறது, ஒரு பல்லுக்கு முக்கால் மணி நேரம் யார் கொடுப்பார்கள்? நியாயமான கேள்வி. அதற்கும் வழி இல்லாமல் இல்லை. ஈரத்தைத் தடுக்க முடியாத இடத்தில் கிளாஸ் அயனோமர் என்ற வேறொரு சிமெண்டைப் போடுகிறார்கள். 1970-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் வில்சன், கென்ட் என்ற இருவர் உருவாக்கியது. தனியாகப் பாண்டிங் இல்லாமலே பல்லின் கால்சியத்தோடு ரசாயனமாகப் பிணையும், ஃப்ளோரைடையும் மெல்ல விடும். கம்போசிட் அளவு தேய்மானம் தாங்காது, பளபளப்பும் குறைவு. ஆனால் அவசரத்தில் ஒட்டிய கம்போசிட்டைவிட நிதானமாக வைத்த கிளாஸ் அயனோமர் மேல். எது உங்கள் பல்லுக்குப் பொருந்தும் என்பதை டாக்டர் சொல்லட்டும். "அது மட்டமா இருக்கு, வெள்ளையா பளபளன்னு இருக்கிறதைப் போடுங்க" என்று நாம் சொல்ல வேண்டாம்.

என் அனுபவத்திலிருந்து உங்களுக்குச் சில வார்த்தைகள்:

1. பல் அடைக்கப் போகும் நாளில் வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள். கல்யாணம், பத்திரப் பதிவு, பஸ், ரயில் எதுவும் வேண்டாம்.

2. போனை அணைத்து வெளியில் இருப்பவரிடம் கொடுத்துவிட்டு உட்காருங்கள்.

3. நீல ஜெல் வைத்துக் கழுவியதிலிருந்து ஒளி காட்டி முடிக்கும் வரை வாயை மூடாதீர்கள், துப்ப எழாதீர்கள், நாக்கால் துழாவாதீர்கள். முடியாவிட்டால் கையைத் தூக்குங்கள். எச்சில் பட்டுவிட்டது என்று தெரிந்தால், "மறுபடி செய்யணுமா டாக்டர்?" என்று நீங்களே கேளுங்கள். அவருக்கு அது பெரிய உதவி.

4. "ரப்பர் ஷீட் போடுவீங்களா?" என்று கேட்கலாம். பல்லை மட்டும் வெளியே விட்டு வாயை மறைக்கும் ரப்பர் தாள் அது. 1864-இலிருந்து பல் மருத்துவத்தில் இருக்கிறது. எச்சிலுக்கு அதைவிட நல்ல தடுப்பு கிடையாது. கொஞ்சம் மூச்சு முட்டுகிற மாதிரி இருக்கும், பழகிவிடும். எல்லாப் பல்லுக்கும் போட முடியாது, அங்கே பஞ்சும் உறிஞ்சு குழாயும் போதும்.

5. அடைத்த பல்லைச் சுற்றிப் பழுப்புக் கோடு வந்தாலோ, புதிதாகக் கூசினாலோ காட்டிவிடுங்கள். பழுப்புக் கோடு எல்லாமே சொத்தை அல்ல, வெறும் கறையாகவும் இருக்கலாம். ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியவர் நீங்களும் இல்லை, நானும் இல்லை.

என் மாணவர்களில் பல் டாக்டர்களாக இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. எதிரே உட்கார்ந்திருப்பது உங்கள் வாத்தியாரே ஆனாலும், "சார், எச்சில் பட்டுடுச்சு, மறுபடி செய்யணும், உங்க பஸ் போனா போகட்டும்" என்று சொல்லுங்கள். அன்றைக்கு மனஸ்தாபமாக இருக்கும். பல் நிற்கும்.

கடைசியாக அந்த மன்னிப்பு. போன வாரம் அந்தக் கிளினிக்குக்குப் போனேன். வரிசையில் உட்கார்ந்து, என் முறை வந்ததும் உள்ளே போனேன். "தம்பி, நான் ஊரெல்லாம் உங்களைப் பத்தித் தப்பா பேசிட்டேன். தப்பு என்மேலயும் இருக்கு" என்றேன். அவர் எழுந்து நின்றுவிட்டார். "இல்ல சார். அன்னைக்கு நான் நிறுத்தியிருக்கணும். உங்ககிட்ட சொல்லப் பயமா இருந்துச்சு" என்றார். இத்தனை வருடம் பிள்ளைகளைக் கேள்வி கேட்கச் சொல்லிக்கொடுத்ததாக நினைத்திருந்தேன். என் முன்னால் ஒரு படித்த டாக்டர் வாய் திறக்கப் பயந்திருக்கிறார். இது பல் வலியைவிட அதிகமாகக் குத்தியது.

வலது பக்கம் இன்னொரு பல்லில் சின்னச் சொத்தை ஆரம்பித்திருந்தது. அதை அவரிடமே அடைத்துக்கொண்டேன். ரப்பர் ஷீட் போட்டார். 50 நிமிடம் ஆயிற்று. போன் வெளியில் என் மனைவியிடம் இருந்தது. நடுவில் நாலு அழைப்பு வந்ததாம். ஒன்றும் குடி முழுகிப் போகவில்லை.

என் பேச்சைக் கேட்டு அவரிடம் போவதை நிறுத்திய உறவுகளே, தயவுசெய்து மறுபடி போங்கள். நான் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். போகும்போது நேரம் ஒதுக்கிக்கொண்டு போங்கள்.

உங்கள் பல் அனுபவங்களையும் கருத்துகளையும் கீழே எழுதுங்கள். டாக்டர் பெயர் வேண்டாம், தெருப் பெயரும் வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்,
கடலூர்.